மக வீட்டு பாய்லர்ல தண்ணி எங்க போச்சு

பொங்கல் கழிஞ்ச சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி இருக்கும், வீட்ல அவ தட்டட்டியில வடகம் காயப்போட்டுட்டு காக்கா விரட்ட என்னைய உக்கார வச்சிருந்தா, அப்பதான் மக போன் பண்ணுனா. அவ இருக்கது இங்கிலாந்து லீட்ஸ்ல, அங்க அப்ப விடியக்காலம் ஆறு மணி. எடுத்த உடனே "எப்பா, பாய்லர்ல பிரஷர் போயிட்டு, வீடு ஐஸா கெடக்கு, பாப்பாவுக்கு ரெண்டு சொட்டர் போட்டு வச்சிருக்கோம்"ங்கா.

எனக்கு அடிவயிறு கலங்கிட்டு. நான் 26 வருசம் மில்லு பாய்லர் ஹவுஸ்ல ஷிப்ட் பாத்தவன். எங்களுக்கு பாய்லர்னா ஸ்டீம், பத்து கிலோ பிரஷர். அங்க ஏதாவது கொறையுதுன்னா மொத ஓடிப்போயி பாக்குறது கேஜ் கிளாஸைத்தான், தண்ணி மட்டம் எங்க நிக்குதுன்னு. தண்ணி கொறைஞ்சு, நெருப்பு மட்டும் எரிஞ்சுச்சுன்னா டியூப்பு பழுத்துரும், அதுக்கு மேல நடக்குறத நான் இங்க எழுத விரும்பல. அதனால அவ பிரஷர் போச்சுன்னு சொன்ன உடனே "எம்மா மொதல்ல அத ஆஃப் பண்ணு"ன்னு கத்திட்டேன்.

மாப்ள போனை வாங்கி வீடியோ போட்டு காமிச்சாரு. அடுப்பாங்கரை சுவத்துல அலமாரி மாதிரி ஒரு வெள்ளை பொட்டி, அடியில அஞ்சாறு செம்பு பைப்பு இறங்குது, சின்ன டயல் கேஜ் ஒண்ணு, முள்ளு 0.3ல நிக்குது. அத பாத்தப்புறந்தான் மூச்சு வந்துச்சு. பேருதான் பாய்லர், அதுல தண்ணி கொதிக்கிறதே இல்ல, ஸ்டீமும் கெடையாது. கேஸ்ல தண்ணிய அறுபது எழுபது டிகிரிக்கு சூடாக்கி, பம்ப் வச்சு ரூமுகள சூடாக்க வீடு பூரா சுவத்துல இருக்க ரேடியேட்டருக்கு அனுப்பி, ஆறுன தண்ணிய திரும்ப வாங்கி மறுபடி சூடாக்குது. ஒரே தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும், அடைச்ச வட்டம். பிரஷர் ரொம்ப கொறைஞ்சா அதுவே எரர் கோடு காமிச்சு நின்னுரும். ஆபத்து இல்ல. ஆனா வெளிய மைனஸ் ரெண்டு டிகிரி, உள்ள ரெண்டு வயசு பிள்ள, அதுவே பெரிய விசயந்தான.

இத ஏன் எழுதுதேன்னா, நம்ம பக்கத்து பிள்ளைய எத்தனையோ பேரு இப்ப நர்ஸு வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் அங்க போயிருக்காவ, அத்தன பேரு வீட்லயும் சுவத்துல இதே பொட்டிதான் தொங்குது, அது எங்கன வேலை செய்யுதுன்னு யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுக்கல. சொன்னாலும் "பிரஷர் கொறைஞ்சா அடியில இருக்க வால்வ திறந்து தண்ணி ஏத்திக்கோங்க"ன்னு மட்டுந்தான் சொல்லுதாவ. எம் மகளும் அதத்தான் செஞ்சிருக்கா. விசாரிச்சா, மூணு வாரமா தினமும் காலையில ஏத்தியிருக்கா. வாடகை வீடு, அங்க ஹீட்டரு சரியா இருக்கணுங்கிறது வீட்டுக்காரங்க பொறுப்பு, சட்டத்துலயே இருக்கு. ஏஜென்சிக்கு சொல்லியாச்சு, வியாழக்கெழமை ஆளு வருவாவ, அதுவரைக்கும் ஏத்திக்கோங்கன்னு பதில் வந்திருக்கு.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "ஏத்துன தண்ணி எங்கம்மா போச்சு?"

அடைச்ச வட்டத்துல இருந்து தண்ணி தானா காணாம போகாது. வீட்டுக்குள்ள எங்கயாவது ஒழுகணும், இல்ல பாய்லரே வெளிய தள்ளணும். ரேடியேட்டர்ல சிக்கியிருக்க காத்த திறந்து வெளிய எடுத்தாலும் பிரஷர் கொறையும், ஆனா அது அன்னைக்கு ஒருநா கொறையும், தினமும் கொறையாது. எங்க போச்சுன்னு கண்டுபிடிக்காம ஏத்திக்கிட்டே இருந்தா ரெண்டு கேடு. புதுத் தண்ணியோட புது ஆக்சிஜன் உள்ள போகும், ரேடியேட்டரு இரும்பு, உள்ளுக்குள்ளயே அரிச்சு கறுப்பு சேறா படியும், பம்பையும் அடைக்கும். துருப்பிடிக்காம இருக்க கலந்து வச்சிருக்க மருந்தும் நீத்துப் போயிரும். மில்லுல பாய்லருக்குள்ள விடுற ஃபீட் வாட்டருக்கு சல்பைட் மருந்து டோசிங் பண்ணுவோமே, எதுக்கு, அந்த ஆக்சிஜனை பிடிக்கத்தான். அவ்வளவு பெரிய பாய்லருக்கே அந்த பயம் உண்டுன்னா இந்த சின்ன பொட்டி என்ன செய்யும்.

முள்ளு எங்க நிக்கணும்னு கேட்டாரு மாப்ள. ஆறிக் கெடக்கும்போது 1 முதல் 1.5 பார். ஒரு பார்னா என்ன அளவுன்னு அவருக்கு நம்ம ஊரை வச்சுத்தான் சொன்னேன், பத்து மீட்டர் உசரத்துக்கு தண்ணி நின்னா அடியில இருக்க அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். பாபநாசம் டேம் 143 அடி நிறைஞ்சு நிக்கும்போது அந்த தண்ணிக்கு அடியில நாலு பார்க்கு மேல வரும். நம்ம மாடி வீட்டு தட்டட்டி டேங்க்ல இருந்து கீழ குழாய்க்கு வாரது முக்கா பார் தேறுனா பெரிசு. அவங்க வீட்ல பாய்லர் கீழ இருக்கு, மேல் மாடி ரேடியேட்டரு அதுக்கு நாலஞ்சு மீட்டர் உசரத்துல, அங்க வரைக்கும் தண்ணி நிறைஞ்சு நிக்கவே அரை பார் வேணும், அதுக்கு மேல கொஞ்சம் கையிருப்பு, அதான் அந்த 1 முதல் 1.5 கணக்கு. 3 பார் ஆனா சேஃப்டி வால்வு தானா திறந்து வெளிச்சுவத்துல நீட்டிக்கிட்டு இருக்க செம்பு பைப்பு வழியா தண்ணிய தள்ளிரும்.

சரி, அன்னைக்கே ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். எங்க பாய்லர் ஹவுஸ்ல மணிக்கு ஒருக்கா லாக் புக் எழுதணும், எழுதாம ஷிப்ட் கைமாத்த முடியாது, எனக்கு இருக்க அறிவுல பாதி அந்த புக்குல இருந்து வந்தது. மூணே மூணு விசயம் எழுதுங்க மாப்ள, ஹீட்டிங் போடுறதுக்கு முன்ன முள்ளு எங்க, போட்டு அரை மணி நேரம் கழிச்சு எங்க, ஆஃப் பண்ணி ரெண்டு மணி நேரம் ஆறுனப்புறம் எங்க. அப்புறம் வீட்ல எல்லா ரேடியேட்டர் வால்வுக்கும் அடியில டிஷ்யூ பேப்பர் வச்சு அழுத்திப் பாருங்க, நனையுதா, வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு பூத்திருக்கான்னு. வெளிய அந்த செம்பு பைப்பு வாய்ல ஒரு பிளாஸ்டிக் பைய தளர்வா கட்டி விடுங்க, இறுக்கிராதீங்க, வாரது சுடுதண்ணி, பாப்பாவ அந்தப் பக்கம் விடாதீங்க. பொட்டி மூடிய மட்டும் கழட்டவே கூடாது, அது கேஸ் சமாச்சாரம், அங்க கேஸ் சேஃப்ங்கிற பதிவேட்டுல பதிஞ்ச ஆளுதான் கை வைக்கணும். நமக்கு வெளிய இருந்து கண்ணால பாக்குற வேலை மட்டும் போதும்.

சாயங்காலம் போட்டோ வந்துச்சு. தண்ணி ஏத்துனப்புறம் ஆறிக் கெடக்கும்போது 1.4. அரை மணி நேரம் ஓடுனப்புறம் 2.9. ஆறுனப்புறம் 0.4. டிஷ்யூ எல்லாம் காஞ்சே இருக்கு. பையில ஒரு லிட்டருக்கு மேல தண்ணி.

அந்த மூணு நம்பரை பாத்த உடனே எனக்கு பளிச்சுன்னு தெரிஞ்சு போச்சு, அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்குனேன்.

இதுக்கு கொஞ்சம் விளக்கம் வேணும். வென்னி அடுப்புல சருவத்த விளிம்பு வரைக்கும் நிறைச்சு வச்சா கொதிக்க முன்னாலயே வழிஞ்சு தீ அணையும், நம்ம ஆச்சிமாருக்கெல்லாம் தெரியும், அதான் நாலு விரக்கடை கொறைச்சு வைப்பாவ. தண்ணி சூடானா விரியும். 15 டிகிரி தண்ணி 60 டிகிரி ஆகும்போது நூறு லிட்டருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல கூடும். ஒரு வீட்டு ரேடியேட்டரு பைப்பு எல்லாம் சேத்து ஏறக்குறைய நூறு லிட்டர் பிடிக்கும்னு வச்சுக்கோங்க, அடைச்ச வட்டத்துல இந்த ஒன்றரை லிட்டரு எங்க போய் நிக்கும்? தண்ணிய அமுக்க முடியாது. அதுக்குத்தான் பொட்டிக்குள்ள எக்ஸ்பான்ஷன் வெசல்னு ஒரு இரும்பு டப்பா, எட்டு பத்து லிட்டர் அளவுல, நடுவுல ரப்பர் டயஃப்ரம், ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் முக்கா பார் ஒரு பார்னு காத்து அடைச்சிருக்கும். தண்ணி விரியும்போது ரப்பரை தள்ளும், காத்து அமுங்கி இடம் குடுக்கும், ஆறுனா காத்து தண்ணிய திரும்ப தள்ளி விட்டுரும். சருவத்துல கொறைச்சு வைக்கிற அந்த நாலு விரக்கடைதான் இந்த டப்பா.

அந்த காத்து வருசக்கணக்குல பைய கசிஞ்சு போயிரும், சைக்கிள் டியூப்ல போற மாதிரி. காத்து போயிட்டுன்னா டப்பா பூரா தண்ணி, விரிய இடமில்ல. சூடான உடனே முள்ளு ஜிவ்வுன்னு 3 பார்க்கு ஓடும், சேஃப்டி வால்வு திறந்து ஒன்றரை லிட்டரை வெளிய துப்பும். ராத்திரி ஆறுனா உள்ள அந்த ஒன்றரை லிட்டரு கொறைவு, முள்ளு பூஜ்யத்துக்கு வந்துரும். காலையில நாம ஏத்துவோம், சாயங்காலம் அது துப்பும். காலையில முள்ளு கீழ கெடக்குறத பாத்து எல்லாரும் பிரஷர் கொறைஞ்சதா நினைக்காவ, உண்மையில நோவு பிரஷர் கூடுனதுலதான் இருக்கு. ஆறும்போது மட்டும் பாத்தா தெரியாது, சூட்டுலயும் பாக்கணும். நல்லா இருக்க பாய்லர்ல சூட்டுக்கும் ஆறலுக்கும் வித்தியாசம் அரை பார் போல இருக்கும். இங்க ஒன்றரை.

இதே டப்பா நம்ம ஊர்லயும் இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. பாளையில எங்க அக்கா வீட்ல மாடி பாத்ரூமுக்கு தண்ணி பத்தலைன்னு பிரஷர் பம்ப் போட்டிருந்தாவ, மூணு வருசம் நல்லா ஓடிட்டு, அப்புறம் குழாய திறந்தா டக்கு டக்குன்னு ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா ஓடி ஓடி நிக்குது. ரிப்பேர் பாக்க வந்த ஆளு மோட்டாரையே மாத்தணும்னுட்டாரு. அத்தான் பணத்தோட கிளம்பிட்டாவ, நான்தான் நிறுத்தி, பம்ப் பக்கத்துல இருக்க உருண்டை டேங்க்ல, மோட்டார்சைக்கிள் டியூப்ல இருக்குமே அதே மாதிரி வால்வு, அந்த மூடிய கழட்டி நகத்தால அமுக்குனேன். காத்து வர வேண்டிய இடத்துல தண்ணி பீச்சுது. உள்ள ரப்பர் பை கிழிஞ்சு போச்சு, அவ்வளவுதான், டேங்க் மட்டும் மாத்துனோம், மோட்டார் இன்னைக்கும் ஓடுது.

கீஸரை பத்தியும் இங்கனயே சொல்லிருதேன். கீஸர் அடியில இருக்க சேஃப்டி வால்வுல சொட்டு சொட்டுன்னு தண்ணி வருதுன்னு அத பிளக் போட்டு அடைச்சு வச்சிருக்க வீட்ட நானே ரெண்டு பாத்திருக்கேன். தயவு செஞ்சு அடைக்காதீய. சூடாகும்போது அது கொஞ்சம் சொட்டுறது விரிஞ்ச தண்ணி வெளியேறுற வழி. தெர்மோஸ்டாட் என்னைக்காவது ஒட்டிக்கிட்டு அணையாம போச்சுன்னா அந்த வால்வுதான் உங்க பிள்ளைய காப்பாத்தும். ரொம்ப சொட்டுனா வால்வ மாத்துங்க, நானூறு ஐநூறு ரூவா போனா போகட்டும். சோலாருக்கும் டேங்க் மேல நிக்குற காத்து பைப்ப மூடக்கூடாது.

சரி லீட்ஸுக்கு வாரேன். நாலு நாளும் ஏத்துறத நிறுத்தச் சொல்ல முடியுமா, குளிர்ல பிள்ள கெடக்கே, அதனால ஒரு பாருக்கு மட்டும் ஏத்துங்க, ரேடியேட்டர் சூட்டை கொறைச்சு வச்சு ரொம்ப நேரம் ஓட விடுங்கன்னு சொன்னேன். தண்ணி சூடு கொறைஞ்சா விரியுறதும் கொறையும். அப்படியே சமாளிச்சாவ. மாப்ள விடாம நோட்டு எழுதுனாரு, அவரு கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

வியாழக்கெழமை ஆளு வந்தாரு, சின்ன பையன்தானாம். வரும்முன்ன மாப்ளகிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருந்தேன், அந்த டப்பாவுல காத்து எவ்வளவுன்னு பாக்கும்போது பாய்லர் தண்ணி பிரஷரை மொதல்ல பூஜ்யத்துக்கு இறக்குதாரான்னு கவனிங்க. ஏன்னா தண்ணி பக்கம் 1 பார் நிக்கும்போது காத்து பக்கம் அளந்தா கேஜ் 1 பார்தான் காமிக்கும், ரப்பருக்கு அந்தப் பக்கம் தண்ணி தள்ளிக்கிட்டு இருக்குல்லா, காத்து நல்லா இருக்க மாதிரி பொய் சொல்லும். நெறைய பேரு இங்கதான் ஏமாறுதாவ. அந்தப் பையன் நோட்டை வாங்கி ஒரு நிமிசம் படிச்சிட்டு நேரா தண்ணிய வடிச்சு பூஜ்யத்துக்கு கொண்டாந்தாராம், அப்புறம் காத்து வால்வுல கேஜ் வச்சா முள்ளு அசையல. தண்ணியும் வரல, அப்ப டயஃப்ரம் கிழியல, காத்து மட்டுந்தான் போயிருக்கு. பம்ப் எடுத்து 0.8 வரைக்கும் அடிச்சிட்டு, தண்ணிய 1.3க்கு ஏத்தி, ஹீட்டிங் போட்டு நின்னு பாத்துட்டு போயிருக்காரு. சூட்டுல 1.9. மக சந்தோசத்துல அழுதுட்டா.

ஆனா நான் நோட்டை நிறுத்தாதீங்கன்னுட்டேன். பைய திரும்ப கட்டச் சொன்னேன்.

வெள்ளி 1.3. சனி 1.2. ஞாயிறு 1.0, சூட்டுல 1.4. மாப்ள போன் பண்ணி, "மாமா, வந்தவரு சரியா பாக்கலையோ"ன்னாரு. இல்ல மாப்ள, அவரு பாத்தது சரிதான், நோட்டை பாருங்க, சூட்டுக்கும் ஆறலுக்கும் வித்தியாசம் இன்னமும் அரை பாருக்குள்ளதான் இருக்கு, அப்ப டப்பா வேலை செய்யுது, இது வேற நோவு. பையில தினமும் ஒரு பெரிய டம்ளர் தண்ணி இருந்துச்சு. 3 பார் பக்கமே போகாத பாய்லர்ல அந்த பைப்புல எதுக்கு தண்ணி வரணும்? சேஃப்டி வால்வு மூணு வாரமா தினமும் திறந்து திறந்து மூடியிருக்கு, வால்வு உக்காந்து மூடுற சீட்டுல துரும்போ துருவோ ஒக்காந்துட்டு, முழுசா மூடல. மில்லுலயும் சேஃப்டி வால்வு ஒருக்கா தூக்குச்சுன்னா அது திரும்ப நல்லா உக்காந்துச்சான்னு பாத்துட்டுத்தான் அடுத்த வேலை. மூணு வாரம் காரணம் தேடாம ஏத்துனதுல மொத நோவு ரெண்டாவது நோவ பெத்துட்டு. மகள நான் குத்தம் சொல்லல, அவளுக்கு யாரு சொன்னா. எனக்குத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கிட்டு, வீடு மாறுன அன்னைக்கே அந்த பொட்டிய ஒருக்கா வீடியோல காமிக்கச் சொல்லியிருக்கலாமேன்னு.

செவ்வாக்கெழமை அதே பையன் வந்து வால்வ மாத்திட்டாரு.

வேற மாதிரியும் நோவு வரும், தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஹீட்டிங்கே போடாம, ஆறிக் கெடக்கும்போதே முள்ளு பைய பைய ஏறுதுன்னா, தண்ணி ஏத்துற அந்த வளைவு பைப்பு வால்வு முழுசா மூடலன்னு அர்த்தம், தெரு தண்ணி பிரஷர் இதவிட கூட, அது உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். ஏத்தி முடிச்ச உடனே அந்த பைப்ப கழட்டி வச்சிரணுங்கிறதுதான் அங்க முறையே, நெறைய வீட்ல அப்படியே மாட்டிக் கெடக்கு. கழட்டுனப்புறமும் ஏறுனா, குளிக்கிற தண்ணிய சூடாக்குற பிளேட்டுல ஊசி ஓட்டை, அது உள் வேலை. சூட்டுல சரியா இருந்து, வெளி பைப்பும் காஞ்சிருந்து, வீட்லயும் எங்கயும் ஈரம் இல்லாம கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சுன்னா, வந்த ஆளுகிட்ட பாய்லருக்கு அடியில ரெண்டு வால்வ மூடி ராத்திரி பூரா விட்டு பாக்க முடியுமான்னு கேளுங்க. மூடுனப்புறமும் கேஜ் இறங்குச்சுன்னா ஒழுகல் பொட்டிக்குள்ள. இறங்காம நின்னு, காலையில திறந்த உடனே விழுந்துச்சுன்னா தரைக்கு அடியில போற பைப்புல. தரைய உடைக்கிறதுக்கு முன்ன இந்த ஒரு ராத்திரி காத்திருக்கது நல்லது. ரேடியேட்டர்ல அடிக்கடி காத்து எடுக்க வேண்டி வருதுன்னா அதையும் லேசா விடாதீங்க, உள்ள இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜன் வரும், பல நேரம் அது காத்தே இல்ல.

நோட்டு இப்ப பாய்லர் பக்கத்துலயே ஆணியில தொங்குது. தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒருக்கா போதும்னுட்டேன். ஞாயித்துக்கெழமை மதியம் நாங்க சாப்ட்டு எந்திரிக்கிற நேரம் அங்க இருந்து போட்டோ வரும், போன வாரம் வந்ததுல மாப்ள எழுதியிருந்தாரு, ஆறல்ல 1.3, சூட்டுல 1.9, பை காஞ்சிருக்கு. ஓரத்துல பேத்தி சிவப்பு பென்சில்ல என்னமோ கிறுக்கி வச்சிருக்கா, அவளும் லாக் எழுதுதாளாம்.